கறிக்கு எந்த வைன் என்று கேட்டால்...

பிரான்சில் ஏதாவது ஒரு சுப்பர்மாக்கற்றில் அல்சாஸ் வைன் அடுக்கியிருக்கும் தட்டுக்கு முன்னால் நின்று, ஒரு கெவுர்ஸ்ட்ராமினர் போத்தலைத் திருப்பி அதன் முதுகைப் பாருங்கள். மன்ஸ்தேர் சீஸுடன் குடிக்கலாம், இனிப்புப் பண்டத்துடன் குடிக்கலாம் என்று எழுதிவிட்டு, போகிற போக்கில் "காரமான அயல்நாட்டுச் சமையலுக்கும் ஏற்றது" என்று ஒரு வரி போட்டிருப்பார்கள். அந்த அயல்நாடு நாங்கள்தான் :-) தாய்லாந்து, மொரோக்கோ, பஞ்சாப், யாழ்ப்பாணம் எல்லாம் அந்த ஒரு வரிக்குள் அடக்கம். வைன் தெரிந்தவர்களிடம் "கறிக்கு என்ன எடுக்கலாம்?" என்று கேட்டாலும் யோசிக்காமல் இதே பதில்தான் வரும். எந்தக் கறி என்று யாரும் திருப்பிக் கேட்பதில்லை. இந்தப் பதிவு அந்தக் கோபத்தில் எழுதுவது.

உனக்கு இதில் என்ன வேலை என்று கேட்பீர்கள். பாரிஸுக்கு வெளியே ஒரு சின்ன வைன் கடையில் ஒன்றரை வருடமாகச் சனிக்கிழமைகளில் வேலை செய்கிறேன். பெட்டி தூக்குவது, விலை ஒட்டுவது, கிளாஸ் கழுவுவது, இடையில் நேரம் கிடைத்தால் கணக்கியல் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு படிப்பதுபோல் நடிப்பது. சேர்ந்த புதிதில் அம்மா ஒரு வாரம் என்னோடு வடிவாகக் கதைக்கவில்லை. "ஊரிலை பொம்பிளைப் பிள்ளையள் சாராயக் கடைப் பக்கம் திரும்பியும் பாக்கிறேல்லை. நீ உள்ளுக்கை நிண்டு விக்கிறியோ?" என்றார். முதலாளி திறந்து தரும் வைனை நாங்கள் வாயில் வைத்துப் பார்த்துவிட்டுத் துப்ப வேண்டும், விழுங்குவதில்லை என்று விளக்கினேன். "காசு குடுத்து வாங்கித் துப்புறதோ?" அது அவருக்கு அடுத்த கவலையாகிவிட்டது.

சரி, விசயத்துக்கு வருவோம். மணக்கும் வெள்ளை வைன் என்று தனியாக ஒரு கூட்டம் ஏன்? எல்லா வைனுக்கும் மணம் உண்டுதான். ஆனால் சார்டொனே திராட்சையைப் பறித்து வாயில் போட்டால் பெரிதாக ஒரு வாசமும் இராது. அதன் மணத்தில் பெரும்பகுதி நொதிக்கும்போதும் ஓக் பீப்பாவில் கிடக்கும்போதும் வந்து சேர்வது. முஸ்காவும் கெவுர்ஸ்ட்ராமினரும் அப்படியல்ல. கறுத்தக் கொழும்பான் மாம்பழம் ஒன்று வீட்டில் பழுத்தால் அடுத்த அறைக்குத் தெரியும் இல்லையா? அந்த மாதிரி, மணம் பழத்திலேயே இருக்கிறது. தெர்ப்பீன் என்ற குடும்பத்துப் பொருட்கள்தான் காரணம். அதில் லினலூல் என்று ஒன்று. எங்கள் கறித்தூளில் போடுகிறோமே கொத்தமல்லி விதை, அதன் எண்ணெயில் மிக அதிகமாக இருப்பதும் இதே லினலூல்தான். இதை முதலில் வாசித்தபோது குசினிக்குள் போய் மல்லிப் போத்தலைத் திறந்து மணந்து பார்த்தேன். அதுவரை சாம்பாருக்கும் கறிக்கும் போடுகிற ஒன்றாக மட்டும் தெரிந்தது, திடீரென்று பூ மாதிரி மணத்தது. கெவுர்ஸ்ட்ராமினரில் லிச்சிப்பழம் மணக்கிறது என்று சொல்வதும் வெறும் கவிதை இல்லை. றோஸ் ஒக்சைட் என்ற ஒரே பொருள் இரண்டிலும் இருக்கிறது.

ஆக, மணமுள்ள சாப்பாட்டுக்கு மணமுள்ள வைன் என்று யாரோ யோசித்ததில் தவறில்லை. பிரச்சினை என்னவென்றால் உறைப்பு ஒரு மணமே இல்லை. சுவைகூட இல்லை. மிளகாயில் இருக்கும் கப்சைசின் வாயில் சூட்டை உணரும் நரம்பைத் தூண்டிவிடுகிறது, மூளை "சுடுகிறது" என்று நினைத்துக்கொள்கிறது. மதுசாரமும் அதே நரம்பைத்தான் சீண்டுகிறது. இப்போது கெவுர்ஸ்ட்ராமினர் போத்தலில் எத்தனை சதவீதம் என்று பாருங்கள். அது சீனி நன்றாக ஏறும் திராட்சை, ஆகவே 13.5, 14 என்று சர்வசாதாரணமாக இருக்கும். புளிப்பும் குறைவு. நல்ல உறைப்பான நண்டுக்கறிக்கு மேல் அதை ஊற்றுவது எரிகிற அடுப்பில் மண்ணெண்ணெய் ஊற்றுகிற மாதிரி. சிவப்பு வைன் என்றால் இன்னும் மோசம். அதில் தனின் இருக்கிறது, கடும் சாயத் தேத்தண்ணி குடித்தால் நாக்கில் ஒட்டுமே, அந்தத் துவர்ப்பு. உறைப்போடு சேர்ந்தால் வாய்க்குள் அரத்தாள் தேய்த்த மாதிரி. (மீனோடு சிவப்பு வைன் குடித்தால் வரும் வெடுக்குக்கு வைனில் இருக்கும் இரும்புச்சத்து காரணம் என்று யப்பானிய ஆய்வாளர்கள் 2009 இல் கண்டுபிடித்தார்கள். அது வேறு கதை.)

ஆகவே "மசாலா" என்ற ஒரு சொல்லைக் கேட்டு வைன் எடுக்கக் கூடாது என்பது என் கட்சி. எவ்வளவு உறைப்பு, புளி விட்டதா தேசிக்காய் விட்டதா, தேங்காய்ப்பால் எவ்வளவு, இனிப்பு ஏதும் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். உறைப்புக்குக் கொஞ்சம் சீனி மிச்சமிருக்கும், மதுசாரம் குறைந்த வைன். புளிப்புச் சாப்பாட்டுக்கு அதைவிடப் புளிப்பான வைன், இல்லாவிட்டால் வைன் தண்ணீர் மாதிரி ஆகிவிடும். இனிப்புக்கும் அப்படித்தான், வைன் பண்டத்தைவிட இனிப்பாக இருக்க வேண்டும். தேங்காய்ப்பாலின் கொழுப்புக்கு மெல்லிய வைன் தாங்காது, கொஞ்சம் உடம்புள்ளதாக வேண்டும்.

கேட்க இலகுவாக இருக்கிறது. கடைக்குப் போனால்தான் தலையிடி தொடங்கும், ஏனென்றால் எந்தப் போத்தலில் சீனி இருக்கிறது என்று எப்படித் தெரியும்?

இங்கேதான் வர்த்தக மாணவியாகக் கொஞ்சம் அறுக்கப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். ஜோர்ஜ் அக்கர்லொவ் 1970 இல் எழுதிய கட்டுரை ஒன்று எங்களுக்குப் பாடத்தில் வரும். பழைய கார் விற்பவருக்குக் கார் நல்லதா ஓட்டையா என்று தெரியும், வாங்குபவருக்குத் தெரியாது. ஆகவே வாங்குபவர் எல்லாக் காரையும் ஓட்டை என்று நினைத்தே விலை கேட்பார். நல்ல கார் வைத்திருப்பவர் அந்த விலைக்கு விற்க மனமில்லாமல் சந்தையை விட்டே போய்விடுவார். 2001 இல் நோபல் பரிசு பெற்றவர் இவர். அல்சாஸ் வைனுக்கு நீண்ட காலம் இருந்த வியாதி இதற்குச் சொந்தக்காரன்தான். ஒரே விலை, ஒரே திராட்சை, ஒரே ஒல்லிப் போத்தல். ஒன்று எலுமிச்சை மாதிரிப் புளிக்கும், மற்றது தேன் மாதிரி இனிக்கும். திராட்சைச் சீனியை ஈஸ்ட் தின்று மதுசாரம் ஆக்குகிறது, எந்த இடத்தில் நிறுத்தியது என்பது செய்தவருக்குத்தான் தெரியும். சிப்பி சாப்பிட வாங்கிய வைன் இனித்தால் அந்த ஆள் மறுபடி அந்தத் தட்டுப் பக்கம் வருவாரா? சில தயாரிப்பாளர்கள் தாங்களாகவே பின்பக்கத்தில் ஒரு அளவுகோல் போட்டார்கள். மற்றவர்கள் போடவில்லை.

2021 அறுவடையிலிருந்து இது மாறிவிட்டது. குமிழியில்லாத அல்சாஸ் வைன்களில் செக், தெமி-செக், முவலோ, டூ என்ற நான்கில் ஒன்றை எழுதியே ஆக வேண்டும் என்று ஆக்கிவிட்டார்கள். செக் என்றால் நேர் அர்த்தம் காய்ந்தது, வைனில் இனிப்பில்லாதது. லீற்றருக்கு 4 கிராம் சீனி வரை, புளிப்பு அதிகமானால் 9 வரையும் விடுவார்கள். தெமி-செக் சாதாரணமாக 12 வரை, முவலோ 45 வரை, அதற்கு மேல் டூ. தேக்கரண்டிச் சீனி கிட்டத்தட்ட 4 கிராம் என்று வைத்துப் பாருங்கள், தெமி-செக் என்பது ஒரு லீற்றருக்கு மூன்று தேக்கரண்டிதான். சாதாரண கோலாவில் லீற்றருக்கு 100 கிராமுக்கு மேல் இருக்கிறது. ஆகவே "இனிப்பு வைனா, எனக்கு வேண்டாம்" என்று முகம் சுளிக்கிறவர்கள் கொஞ்சம் கணக்குப் பார்க்கலாம். கடைக்கு வந்து அந்தச் சின்ன எழுத்தைப் பார்க்காமல் படத்தைப் பார்த்து வாங்கிப் போகிறவர்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குக் கை துருதுருக்கும்.

அல்சாஸ் பற்றி இரண்டு வரி. வோஜ் மலைக்கும் ரைன் ஆற்றுக்கும் நடுவில் நீளமாகக் கிடக்கும் துண்டு. மேற்கிலிருந்து வரும் மழையை மலை தடுத்துவிடுவதால் கொல்மார் நகரம் பிரான்சிலேயே மிகவும் மழை குறைந்த நகரங்களில் ஒன்று. 1871 முதல் 1918 வரை ஜேர்மனியோடு, பிறகு பிரான்சு, 1940 இல் மறுபடி ஜேர்மனி, போர் முடிய மறுபடி பிரான்சு. பாட்டி ஒருத்தி வீட்டை விட்டு நகராமலே நான்கு தடவை நாடு மாறியிருப்பாள். அதனால்தான் பிரெஞ்சு வைனில் இங்கே மட்டும் வழக்கமாக ஊர்ப் பெயரைவிடத் திராட்சைப் பெயர் பெரிதாக எழுதியிருக்கும், எங்களைப் போன்ற புதியவர்களுக்கு அது பெரிய உதவி. ரீஸ்லிங், கெவுர்ஸ்ட்ராமினர், பினோ கிரி, முஸ்கா என்ற நான்கும்தான் இங்கே பிரபுக்கள்.

இதில் எனக்குப் பிடித்தது ரீஸ்லிங். புளிப்பு நேராக முதுகெலும்பு மாதிரி நிற்கும். தேசிக்காய், பச்சை அப்பிள், பழசாகும்போது பெற்றோல் நெடி. பயப்பட வேண்டாம், அது பழுதில்லை, அதற்கும் ஒரு இரசாயனப் பெயர் இருக்கிறது. அந்த ஊர்க்காரர் புளிக்க வைத்த கோவாவும் பன்றி இறைச்சியுமாகச் செய்யும் ஷுக்ருத்துடன் இதைத்தான் குடிப்பார்கள். புளிப்புக்குப் புளிப்பு, மேலே சொன்ன அதே கணக்கு. ரீஸ்லிங்கின் விசேசம், சீனி கொஞ்சம் இருந்தாலும் அந்தப் புளிப்பு அதை மறைத்துவிடும், இனிக்கிறது என்றே தெரியாது. முஸ்கா இதற்கு நேர் எதிர்: மூக்கில் இனிக்கும், வாயில் பெரும்பாலும் இனிப்பே இராது. பச்சைத் திராட்சையைக் கடித்த மாதிரி இருக்கும். வசந்த காலத்தில் அங்கே அஸ்பராகஸுடன் குடிப்பது அதைத்தான். பினோ கிரி கனமானது, லேசான புகை, தேன். 2007 வரை இதைத் தொக்காய் என்று எழுதி விற்றார்கள், ஹங்கேரிக்காரர் எங்கள் ஊர்ப் பெயர் என்று சண்டை பிடித்து நிறுத்தினார்கள். கெவுர்ஸ்ட்ராமினரின் சரியான சோடி அந்த ஊரின் நாற்றமடிக்கும் மன்ஸ்தேர் சீஸ்தான். இரண்டும் சத்தமாகக் கதைக்கிற ஆட்கள், ஆகவே ஒத்துப்போகிறார்கள்.

அல்சாஸுக்கு வெளியே என்றால் ரோன் ஆற்றோரம் வியோனியே இருக்கிறது. அப்ரிகொட்டும் பூவும் மணக்கும். அதன் தாய்வீடான கோந்திரியுவில் 1960களில் சில ஹெக்டேயர் மட்டும் மிஞ்சி அழிந்துபோகிற நிலையில் இருந்ததை நினைத்தால் ஆச்சரியம். இப்போது கோந்திரியு மாணவர்களின் விலை இல்லை, தெற்குப் பக்கம் விளையும் சாதாரண வியோனியே ஏழெட்டு யூரோவுக்கு வரும். லுவார் பக்கம் சான்செரின் சொவின்யோன், ஆட்டுப்பால் சீஸுக்குப் பெயர் போனது, அதைப்பற்றி எல்லோரும் எழுதிவிட்டார்கள். விடுவோம்.

இதெல்லாம் எனக்கு ஏன் தலைக்குள் ஏறியது என்றால், போன வருடம் அக்காவின் விசயம் வீட்டில் பேச்சாகி, வருங்கால அத்தானின் அப்பா அம்மா முதல்முறை எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வருவதாக முடிவானது. நாந்த் பக்கத்துப் பிரெஞ்சுக்காரர்கள். அம்மா இரண்டு வாரம் நித்திரை கொள்ளவில்லை. கடைசியில் ஒருநாள் என்னைக் கூப்பிட்டு மெதுவாகக் கேட்டார்: "பிள்ளை, அவையள் உறைப்புச் சாப்பிடமாட்டினம். நண்டுக்குத் தூளைக் குறைச்சுப் போடட்டே? இல்லாட்டிக் கோழியை அவிச்சு உருளைக்கிழங்கோடை வைப்பமே?"

எனக்கு நெஞ்சுக்குள் என்னவோ செய்தது. முப்பது வருடம் இந்த நாட்டில் இருந்து, ஒரு நாளும் தன் சமையலுக்காகக் கூச்சப்படாத ஆள். அக்காவும் "குறையுங்கோ அம்மா" என்றாள். அவள் பயம் அவளுக்கு, அதையும் பிழை சொல்ல முடியாது. நான்தான் பிடிவாதமாக, "நீங்கள் வழமைபோலச் சமையுங்கோ. உறைப்பை நான் பாக்கிறன்" என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் உள்ளுக்குள் உதறியது. கையில் இருந்தது ஐம்பது யூரோ.

அம்மாவின் பட்டியல் இது: முதலில் மீன் கட்லட். பிறகு இடியப்பம், சொதி, முருங்கையிலை போட்ட நண்டுக்கறி. அதோடு ஒரு பாதுகாப்புக்காக ஏலக்காயும் றம்பையும் போட்ட மஞ்சள் சோறும் கஜு போட்ட கோழிக்குருமாவும். கடைசியில் பாயாசம். இதற்கு ஒரே வைன் என்று எதுவும் இல்லை. ஆகவே நான்கு போத்தல், எல்லாம் பத்துக்கும் பதின்மூன்றுக்கும் இடையில். கட்லட்டுக்கு முஸ்கா, செக். பொரித்த எண்ணெயைக் கழுவிவிடும். சொதிக்குப் பினோ கிரி, தெமி-செக். நண்டுக்கு ரீஸ்லிங், அதுவும் தெமி-செக், 12 சதவீதம், நல்ல குளிராக 8 பாகையில். குளிரும் உறைப்புக்கு மருந்து. கெவுர்ஸ்ட்ராமினரை வாங்கத்தான் செய்தேன், ஆனால் நண்டுக்கு இல்லை, மஞ்சள் சோற்றுக்கும் குருமாவுக்கும். உறைப்பில்லாமல் மணம் மட்டும் இருக்கிற இடத்தில் அது ராணி.

வந்தவர்கள் கையில் ஒரு போர்தோ சிவப்பு வைன். அப்பாவுக்கு அதை உடனே திறக்க வேண்டும், திறக்காவிட்டால் மரியாதை இல்லை என்பது அவர் கணக்கு. விருந்தாளி கொண்டுவந்த போத்தலைப் பிறகு குடிக்க வைப்பதும் இந்த ஊரில் வழக்கம்தான் என்று காதுக்குள் சொல்லித் தடுத்தேன். அத்தானின் அப்பாவே சிரித்துக்கொண்டு, "அது ஞாயிற்றுக்கிழமை இறைச்சிக்கு" என்றுவிட்டார். நல்ல மனிதர்.

சொதியும் பினோ கிரியும் நான் நினைத்ததைவிடப் பொருந்தியது. தேங்காய்ப்பாலும் அந்த வைனின் வழுவழுப்பும் ஒன்றாகவே கிடந்தன. தேசிக்காய்ப் புளி மட்டும் கொஞ்சம் வைனை அமுக்கியது, அடுத்த முறை சொதிக்கும் ரீஸ்லிங்தான். பிறகு நண்டு வந்தது. அத்தானின் அம்மா முதல் வாயிலேயே சிவந்துபோனார். மேசையில் ஒருவரும் கதைக்கவில்லை. அக்கா என்னைப் பார்க்கிறாள், நான் ரீஸ்லிங்கைப் பார்க்கிறேன். அவர் ஒரு மிடறு குடித்தார், கொஞ்சம் யோசித்தார், பிறகு கையாலேயே அடுத்த நண்டுக்காலை எடுத்தார். உறைப்பு இல்லாமல் போகவில்லை, போகவும் கூடாது. ஆனால் சுட்ட இடம் ஆறி, முருங்கையிலையும் மல்லியும் நண்டின் இனிப்பும் தெரிகிற அளவுக்கு இடம் விட்டது. "இதில் என்ன இலை போட்டிருக்கிறீர்கள்?" என்று அவர் கேட்டதற்கு அம்மா தன் பிரெஞ்சில் பத்து நிமிடம் பதில் சொன்னார். உறைப்பே தெரியாமல் சமைத்திருந்தால் அந்தக் கேள்வி வந்திருக்குமா என்று எனக்குச் சந்தேகம்.

பாயாசத்தோடு ஒன்றும் வைக்கவில்லை. அம்மாவின் பாயாசத்தைவிட இனிப்பான வைன் எனக்குத் தெரிந்து இல்லை :-) மேசை துடைக்கும்போது அம்மா மிச்சக் கெவுர்ஸ்ட்ராமினரை, குடிக்கவில்லை, மூக்குக்குக் கிட்டக் கொண்டுபோய்ப் பார்த்தார். "றம்புட்டான் மணக்குது" என்றார். லிச்சி என்று புத்தகத்தில் இருப்பதை அவருக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. எங்கள் கடையில் ஒரு வருடம் இருந்தும் ரோசாப்பூ என்ற சொல்லைத் தாண்டாத ஆட்களை எனக்குத் தெரியும்.

சில நடைமுறைக் குறிப்புகள், கேட்கப் போகிறீர்கள் என்று தெரியும். பிரிட்ஜில் இருந்து எடுத்த உடனே ஊற்ற வேண்டாம், கடும் குளிரில் மணம் பூட்டிக்கொள்ளும். உறைப்பான சாப்பாடு தவிர மற்றதற்குக் கால் மணி நேரம் வெளியே வையுங்கள். கிளாஸை மூன்றில் ஒரு பங்குக்கு மேல் நிரப்பாதீர்கள், மணத்துக்கு இடம் வேண்டும். மிஞ்சியதை மூடி பிரிட்ஜில் வைத்தால் இரண்டு மூன்று நாள் தாங்கும். செப்டம்பரில் சுப்பர்மாக்கற்றுகள் எல்லாம் வைன் சந்தை போடுவார்கள், அப்போது விலை குறைவு, ஆனால் தள்ளுபடிச் சீட்டைப் பார்க்கும் முன் செக்கா தெமி-செக்கா என்று பாருங்கள். பதினெட்டு ஆகாத தம்பி தங்கைகள் இந்தப் பதிவை வாசித்ததோடு நிறுத்திக்கொள்ளவும். குடிக்காதவர்கள் என்னைத் திட்டவும் வேண்டாம், குடிக்கச் சொல்லவில்லை. அம்மா மாதிரி மணந்து பார்த்தாலே பாதி விசயம் விளங்கும்.

இப்போது மண்டைக்குள் ஓடுவது ஒடியல் கூழ். மீன், நண்டு, றால், பலாக்கொட்டை, பழப்புளி, செத்தல் மிளகாய் எல்லாம் ஒரே சட்டிக்குள், மேலே ஒடியல் மாவின் அந்தக் கசப்பு. புளிக்கு ரீஸ்லிங் என்று கை போகிறது, கசப்புக்கு அது சரிவருமா என்று பயமாக இருக்கிறது. ஜுரான்சோன் பக்கத்து வைன் ஒன்றை எடுத்து வைத்திருக்கிறேன், புளிப்பும் இனிப்பும் இரண்டுமே உள்ளது. அம்மா அடுத்த மாதம் கூழ் காய்ச்சுகிறார். அதற்குள் உங்களில் யாராவது கூழோடு ஏதும் குடித்துப் பார்த்திருந்தால் பின்னூட்டத்தில் சொல்லிவிட்டுப் போங்கள்.